ரெங்கத்து எட்டு ஏக்கர்: ஒரு மண்ணின் பெயரைச் சரிபார்த்த விவரம்

மாமா பத்திரப்படுத்தி வைத்திருந்த ஆலோசனைத் தாளில் மண்ணைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: "மண்: ரெங்கம் தொடர்." எட்டு ஏக்கருக்கும் அதே வரி, அதே உர அட்டவணை. எழுதியவர் நிலத்துக்குள் இறங்கினாரா என்று கேட்டேன். ரோட்டோரத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் என்றார் மாமா. பிறகு அவரே கேட்டார்:

"ரெங்கத்தில் இருக்கும் மண் ரெங்கம் மண்ணாக இல்லாமல் வேறு என்னவாக இருக்கும், தம்பி?"

நியாயமான கேள்வி. இந்த ஆய்வு முழுவதும் அதற்குப் பதில் தேடியதுதான்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் மாவட்டத்தில், கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு போகும் ரயில் பாதையில் இருக்கும் தோட்டப் பட்டணம் ரெங்கம். 1909-இல் அந்தப் பாதை முழுமையாகத் திறந்த பிறகு இருபுறமும் பால்மரக் (ரப்பர்) காடுகள் எழுந்தன. எங்கள் தாத்தாக்கள் அங்கே நிரை பிடித்துப் பால் வெட்டினார்கள். இன்று பெரும்பகுதி எண்ணெய் தரும் செம்பனை. ஒரே தன்மையுள்ள மண் வகையை மலேசிய மண் ஆய்வாளர்கள் தொடர் என்பார்கள். அதை முதலில் தெளிவாக இனங்கண்ட ஊரின் பெயரையே அதற்கு வைப்பது வழக்கம். செர்டாங் என்றால் மணற்பாறையில் பிறந்த மண், குவாந்தான் என்றால் பசால்ட் பாறையில் பிறந்த செம்மண், மலாக்கா என்றால் செம்பூராங்கல் நிறைந்தது, செலாங்கூர் என்றால் கடற்களி. கருங்கல் சிதைந்து உருவான ஆழமான மண்ணுக்கு எங்கள் ஊரின் பெயர். தீபகற்பத்தில் கருங்கல் மலை இருக்கும் இடமெல்லாம் அந்தப் பெயர் வரைபடத்தில் வருகிறது. கெடாவில் ஒரு குழிக்குள் நின்றுகொண்டு "இது ரெங்கம்" என்று சொல்ல நேர்ந்தபோதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்திருக்கிறது. அதனாலேயே அந்தப் பெயரைப் பொருந்தாத இடத்தில் எழுதினால் எனக்குப் பொறுப்பதில்லை.

மாமா எனக்கு உறவு இல்லை. ஒரே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளில், அடுத்தடுத்த வீடு. சேமநிதிப் பணத்தில் பழைய பால்மர நிலத்தை வாங்கி, மரத்தை வெட்டி, தாமும் அத்தையுமாகச் செம்பனை நட்டார்கள். மரங்களுக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது, மறுநடவு நெருங்கிவிட்டது. மேட்டு மரங்கள் குறைவில்லாமல் குலை தள்ளின. ஓடைப் பக்கத்து மரங்கள் சாய்ந்தும் வெளுத்தும் நின்றன. உரம் குறைவு என்று நினைத்து அங்கே கூடுதலாகப் போட்டும் பலனில்லை. எதை எங்கே நடுவது என்று முடிவு செய்யுமுன் மண்ணைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார்.

வரைபடம் எவ்வளவு சொல்லும்

முதலில் பழைய தாளுக்கு நியாயம் செய்துவிட வேண்டும். அதை எழுதியவர் பொய் எழுதவில்லை. 1:250,000 அளவுள்ள மேலோட்ட மண் வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். தாளில் தெளிவாகக் காட்டக்கூடிய மிகச் சிறிய துண்டு ஏறக்குறைய 0.4 சதுர சென்டிமீட்டர் என்பது மண் ஆய்வில் நடைமுறைக் கணக்கு. தரையில் அது 250 ஹெக்டேர், அதாவது 600 ஏக்கருக்கு மேல். அந்த வரைபடத்தில் மாமாவின் எட்டு ஏக்கர் ஒரு பேனா முனைக்குள் அடங்கிவிடும். தோட்டங்களுக்கென்று வரையும் 1:25,000 வரைபடத்தில்கூட மிகச் சிறிய துண்டு ஆறு ஏக்கர் வரும். வரைபடம் சொல்வது இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலும் என்ன மண் என்பதை. இந்த மரத்தடியில் என்ன மண் என்று அது சொன்னதே இல்லை. சுற்றுவட்டாரத்துக்குச் சொன்ன சொல்லை மரத்தடிக்கு எடுத்துக்கொண்டதுதான் தவறு.

நிலத்தின் கிடப்பு

குளுவாங் பக்கத்தில் 1,010 மீட்டர் உயரம் நிற்கும் பெலுமுட் மலை கருங்கல். ரெங்கத்தைச் சுற்றிய தாழ்ந்த குன்றுகளும் பெரும்பாலும் அதே குடும்பம். இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உறைந்த பாறை, மேலிருந்த சுமை தேய்ந்து வெளியே வந்து, வெப்பத்திலும் மழையிலும் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கியிருக்கிறது. மாமாவின் நிலம் அப்படிப்பட்ட ஒரு குன்றின் தோளில் தொடங்கி ஓடையில் முடிகிறது. உச்சியில் இரண்டு மூன்று பாகைச் சரிவு, நடுவில் பத்துப் பாகை வரை, அடியில் மறுபடியும் தட்டை. ஓடையில் யானை முதுகுபோல் உருண்ட கருங்கற்கள் கிடக்கின்றன. உருண்டிருப்பதால் வெள்ளம் உருட்டி வந்தது என்று பலர் நினைப்பார்கள். அப்படியில்லை, பாறை வெடிப்புகள் வழியாக நீர் இறங்கி மூலைகளை மக்கச் செய்ய, நடுக்கரு மட்டும் உருண்டையாக மிஞ்சுகிறது. அந்தக் கற்களே தாய்ப்பாறை எது என்பதற்கு முதல் சாட்சி.

செயற்கைக்கோள் உயரத் தரவையும் எடுத்துப் பார்த்தேன். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ராடாரால் அளந்தது, 30 மீட்டர் கட்டங்களாகக் கிடைப்பது. குன்று எங்கே, பள்ளம் எங்கே என்று அது காட்டிவிடும். ஆனால் செம்பனைத் தோட்டத்தில் அந்த ராடார் பெரும்பாலும் மட்டையில்தான் பட்டுத் திரும்பும். தரையின் நுட்பமான சரிவை அதில் நம்பக்கூடாது. அதனால் சரிவுமானியைக் கையில் பிடித்து உச்சியிலிருந்து ஓடை வரை இரண்டு கோடுகளாக நடந்தேன். மாமா முன்னால், நான் பின்னால்.

மழையும் வெப்பமும்

இந்தப் பகுதியில் ஆண்டு மழை ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ. நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை, இரு பருவங்களுக்கு இடையில் பிற்பகல் இடிமழை. செம்பனையைப் பொறுத்தவரை மாதம் 100 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதை உலர்ந்த மாதம் என்போம். அப்படிப்பட்ட மாதங்கள் இங்கே ஒன்றிரண்டு வரலாம், தொடர்ந்து நீள்வது அரிது. மண் வகைப்பாட்டில் இதற்கு யூடிக் ஈர நிலை என்று பெயர். சாதாரண ஆண்டில் வேர்ப்பகுதி மொத்தம் சேர்த்து 90 நாள்கூட வறண்டு கிடக்காது என்பது அதன் பொருள். காற்றின் சராசரி வெப்பம் 26, 27 பாகை. 50 செ.மீ. ஆழத்தில் மண்ணின் வெப்பம் அதைவிடச் சற்றுக் கூடுதல். ஆண்டு முழுவதும் அது பெரிதாக மாறுவதும் இல்லை.

வகைப்பாட்டுப் பெயரில் இரண்டு சொற்களைச் சேர்ப்பதற்கு மட்டும் இந்த எண்கள் வேண்டியிருக்கவில்லை. மரமும் வெயிலும் எடுத்துக்கொண்டது போக மீதமுள்ள மழை ஒவ்வோர் ஆண்டும் மண் வழியாகக் கீழே இறங்குகிறது. இறங்கும்போது சுண்ணாம்பு, மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறது. பல்லாயிரம் ஆண்டுகள் இப்படிக் கழுவப்பட்ட பிறகு மிஞ்சுவது குவார்ட்ஸ் மணல், கயோலின் களி, இரும்பு ஆக்சைடு. இதே கருங்கல் வறண்ட நாட்டில் இருந்தால் இந்த மண் வந்திருக்காது. மேட்டு மண் ஏன் ஏழை என்பதற்கும் பள்ளத்து மண் ஏன் மூச்சு முட்டுகிறது என்பதற்கும் காரணம் அந்த ஒரே மழைதான். சரிவு அதை எங்கே அனுப்புகிறது என்பதில்தான் வேறுபாடு.

துளையும் குழியும்

இரண்டு கோடுகளிலும் பதினான்கு இடங்களில் ஆகர் என்னும் மண் துளைக்கருவியை 120 செ.மீ. வரை இறக்கினோம். ஒவ்வொரு இருபது சென்டிமீட்டருக்கும் மண்ணை வரிசையாகப் பிளாஸ்டிக் விரிப்பில் வைத்து, மண் நிறங்களுக்கான நிறப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, நனைத்து, உருட்டி, நீவிப் பார்த்தோம். மேட்டில் மேல்மண் பழுப்பு. முப்பது செ.மீ. தாண்டியதும் மஞ்சள் கலந்த பழுப்பு. நிறப் புத்தகத்தின் குறியீட்டில் 10 ஒய்ஆர் 5/6, சில இடங்களில் 5/8. விரல்களுக்கிடையில் நீவினால் களி ரிப்பனாக நீள்கிறது. அதே நேரம் கற்கண்டுத் தூள்போல் பருமணல் நறநறக்கிறது. களியும் பருமணலும் இப்படிச் சேர்ந்திருப்பது கருங்கல் மண்ணின் கைரேகை. கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் களியாகிவிடும். குவார்ட்ஸ் அப்படியே மணலாக நிற்கும். நடுத்தரத் துகள் குறைவு.

ஒரு சிக்கல் முதல் நாளே வந்தது. மேல்பாதையை ஒட்டிய மூன்று துளைகளில் ஆகர் கூழாங்கல்லில் இடித்தது. வழவழப்பான, உருண்ட கற்கள். ஜொகூரின் தென்பகுதியில் பழைய வண்டல் படிவுகள் உண்டு. அவற்றின் மேல் உருவான ஹரிமாவ் தொடர் நிறத்திலும் தொடுகையிலும் ரெங்கத்துக்கு அண்ணன் தம்பிபோல் இருக்கும். பிரித்துச் சொல்லும் அடையாளங்களில் முக்கியமானது இந்த உருண்ட கற்கள். மலேசிய மண்களை வகைப்படுத்துவதில் பல பத்தாண்டுகள் உழைத்த எஸ். பரமானந்தன் போன்றோர் தொடர்களைப் பிரிக்கும் அடையாளங்களை ஒழுங்குபடுத்தியபோது தாய்ப்பொருளை முன்னால் வைத்தது இதற்காகத்தான். குன்றே வண்டல் குன்றாக இருந்தால் பழைய தாள் முழுக்கத் தவறு. அன்று மாலை குறிப்பேட்டில் "ஹரிமாவ்?" என்று எழுதிக் கேள்விக்குறி போட்டேன்.

அதை அவிழ்த்தது அத்தை. மறுநாள் காப்பி கொண்டுவந்தவர் விரிப்பில் கிடந்த கற்களைப் பார்த்து, "இது நம் பாதைக்குப் போட்ட ஆற்றுக்கல் அல்லவா? நடவு வருஷம் லாரி சேற்றில் புதைந்து நின்றதென்று இரண்டு லோடு கொட்டினார்களே" என்றார். துளைகளைத் திரும்பப் பார்த்தேன். கற்கள் 30 செ.மீ.-க்குக் கீழே ஒன்றுகூட இல்லை. ஒரு துளையில் செங்கல் துண்டும் இருந்தது. நிலத்தில் உழைத்தவர்களிடம் கேட்பதும் மண் ஆய்வில் சேர்த்திதான். நான் அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இருந்தாலும் சந்தேகத்தை ஒருவர் வாய்ச்சொல்லோடு விட முடியாது. உச்சியில், பாதைக்கு எட்டாத இடத்தில், ஆள் இறங்கும் அளவுக்குக் குழி வெட்டினோம். 150 செ.மீ. வரை வேறு எதுவும் மாறவில்லை. அதற்குக் கீழே மண்ணில் வெள்ளையும் சிவப்பும் கலந்த புள்ளிக்கோலம் தெரிந்தது. கத்தியால் ஒரு கட்டியைப் பெயர்த்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தேன். பார்க்கக் கருங்கல்; வெள்ளைப் படிகங்கள், சாம்பல் கண்ணாடித் துண்டுகள், கரும்பொட்டுகள், எல்லாம் பாறையில் இருந்த அதே இடத்தில். மாமா கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். பொலபொலவென்று உதிர்ந்தது. வெள்ளைப் படிகம் முகப்பவுடர்போல் விரலில் ஒட்டியது, கண்ணாடித் துண்டு மட்டும் கூராக நின்றது. பாறை இருந்த இடத்திலேயே அழுகிய மண் இது. எந்த ஆறும் கொண்டுவந்து போட்டதில்லை. ஆறு கொண்டுவந்த மண்ணில் படிகங்கள் தத்தம் இடத்தில் உட்கார்ந்திருக்காது. குறிப்பேட்டில் இருந்த "ஹரிமாவ்" என்ற சொல்லை அடித்தேன்.

இரண்டாம் குழி நடுச்சரிவில். அங்கும் அதே மண். மேல்மண் மட்டும் மெலிந்திருந்தது. மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கிய இடங்களில் அது தடித்தும், பாதையாக நடந்த இடங்களில் தேய்ந்தும் இருந்தது.

மூன்றாம் குழியை ஓடையிலிருந்து சற்று மேலே, கடைசி வரிசைகளுக்கு நடுவில் வெட்டினோம். நாற்பது செ.மீ. போகுமுன்பே நிறம் கலைந்தது. மஞ்சள் பழுப்புக்கு நடுவில் சாம்பல் திட்டு, அதன் ஓரத்தில் துருச்சிவப்புக் கோடு, பழைய வேர்த்துளைகளைச் சுற்றி ஆரஞ்சு வளையம். எழுபது செ.மீ.-இல் மண் முழுக்கச் சாம்பல். குழியின் சுவரில் நீர் கசிந்தது. மண்ணில் காற்று நிற்கும்போது இரும்பு துருவாகக் கெட்டியாக இருக்கும், மண் மஞ்சளாகத் தெரியும். நீர் தேங்கிக் காற்று தீர்ந்தால் நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரையும் வடிவுக்கு மாற்றிவிடும். அது கரைந்து நகர்ந்துபோன இடம் சாம்பலாகிறது. காற்று எட்டிப்பார்க்கும் வேர்த்துளையில் மட்டும் மறுபடி துருவாகப் படிகிறது. நாங்கள் குழி வெட்டியது மழை ஓய்ந்த வாரம். மேலே தரை காய்ந்து கிடந்தது. ஆனால் ஆண்டுதோறும் எத்தனை நாள் நீர் நின்றது என்பதைத் தோட்டத்துக் கிராணி (கணக்கர்) செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பெயர் குறிப்பதுபோல் மண் தன் நிறத்தில் குறித்து வைத்திருந்தது.

பெயர் வைத்தல்

ஆய்வுக்கூட முடிவுகள் வந்த பிறகு மேட்டு மண்ணின் பெயரில் தயக்கம் இல்லை. கீழ்மண்ணில் களி கூடுகிறது. கூடினாலும் அந்தக் களி உரச்சத்தைப் பிடித்துவைக்கும் திறன் குறைந்த களி. ஒரு கிலோ களிக்கு 16 சென்டிமோல் என்ற எல்லைக்குக் கீழேதான் நின்றது. இப்படிப்பட்ட அடுக்குக்கு அமெரிக்க மண் வகைப்பாட்டில் கேண்டிக் அடுக்கு என்று பெயர். கயோலின் குடும்பத்துக் கனிமங்களைக் கேண்டைட் என்று அழைத்ததிலிருந்து வந்த சொல். ஆழத்தில் சுண்ணாம்பு, மெக்னீசியம் போன்ற காரச்சத்துகளின் பங்கு 35 விழுக்காட்டுக்கும் குறைவு, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 4.5 பக்கம். மேல் 18 செ.மீ.-இல் களி 40 விழுக்காட்டை எட்டியிருந்தால் ஆக்சிசால் என்னும், மிக முதிர்ந்து மக்கிய மண்களின் பக்கம் போயிருக்கும், எட்டவில்லை. ஆக, டைப்பிக் கேண்டியுடல்ட்: கேண்டிக் அடுக்குள்ள, ஈரநாட்டில் கழுவப்பட்ட மண்ணின் வழக்கமான வகை. மலேசியப் பெயர் ரெங்கம் தொடர். மாமாவின் பழைய தாள் மேட்டுக்கும் சரிவுக்கும் சரி.

அடிவாரத்துக்கு அந்தப் பெயர் செல்லாது. 75 செ.மீ.-க்குள் சாம்பல் திட்டும் நீர்த்தேக்கமும் சேர்ந்து வந்தால் டைப்பிக் என்ற சொல் நீங்கி, நீர் தேங்குவதைக் குறிக்கும் அக்விக் என்ற சொல் வரும். அதற்கும் கீழே ஓடையை ஒட்டிய துண்டு, சரிவிலிருந்து கழுவி வந்த மண்ணும் ஓடை வண்டலும் கலந்தது. அதற்குத் தொடர்ப் பெயர் எதையும் வலிந்து ஒட்ட நான் விரும்பவில்லை. உள்ளூர் வண்டல் என்று மட்டும் எழுதினேன்.

பெயர் மாறினால் மரத்துக்கு என்ன? மேட்டு ரெங்கம் மண்ணில் களி இருந்தும் நீர் மணலில் இறங்குவதுபோல் இறங்கும், ஏனென்றால் இரும்பு ஆக்சைடு களித்துகள்களைச் சிறுசிறு மணிகளாகக் கட்டி வைத்திருக்கிறது. வேர் ஆழமாகப் போகலாம், காற்று தாராளம். பால்மரமும் செம்பனையும் இதில் செழித்தது அதனால்தான். ஆனால் உரத்தைப் பிடித்துவைக்கும் கை சிறியது. மொத்தமாகப் போட்டால் டிசம்பர் மழையோடு போய்விடும். மாமாவின் மேட்டு மரங்களில் அடிமட்டைகள் ஆரஞ்சு நிறமாக இருந்தன. ஒரு மட்டையைத் திருப்பிப் பார்த்தோம். மேலே இன்னோர் ஓலை நிழல் விழுந்த பட்டை மட்டும் பச்சையாகவும், வெயில் பட்ட இடம் ஆரஞ்சாகவும் இருந்தது. மெக்னீசியக் குறைவின் அடையாளம் இது. ஆகவே மேட்டுக்குப் பொட்டாஷும் கீசரைட் என்னும் மெக்னீசிய உரமும் சிறு பங்குகளாக, பலத்த மழை மாதங்களைத் தவிர்த்து. பாஸ்பேட்டுக்குப் பாறைப் பாஸ்பேட்டே போதும்; இந்த அமிலம் அதைக் கரைத்துக் கொடுக்கும். எண்ணெய் மில்லிலிருந்து பழம் உதிர்த்த வெறுங்குலை கிடைக்கும்போதெல்லாம் பரப்ப வேண்டும், இந்த மண்ணில் சத்தைப் பிடிக்கும் இடம் பெரும்பாலும் மக்கிய பொருளில்தான் இருக்கிறது.

அடிவாரத்தில் உரம் குறையே இல்லை. நீர் தேங்கும் மண்ணில் போட்ட தழைச்சத்தில் ஒரு பகுதி வாயுவாகிப் போகும். வேர் சாம்பல் அடுக்குக்கு மேலேயே நின்றுவிடும், மரம் சாயும். மாமா இத்தனை வருஷம் அங்கே கூடுதலாகக் கொட்டியது மரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒவ்வொரு மூட்டையையும் தோளில் சுமந்து இறக்கியவர் அவர்.

முடிவு இப்படியானது. மேட்டிலும் சரிவிலும் செம்பனை மறுநடவு. அடிவாரத்தில் வாய்க்கால் வெட்டி நீர்மட்டத்தை 50 முதல் 75 செ.மீ. ஆழத்தில் நிறுத்த முடிந்தால் மட்டும் நடவு. ஓடையை ஒட்டிய துண்டில் நடவே இல்லை.

கோடு எங்கே என்பதுதான் மிச்சம். துளைகளின் முடிவை வைத்துச் சரிவுக்குக் குறுக்கே சிவப்புச் சாயம் பூசிய குச்சிகளை நட்டேன். மாமா பின்னாலேயே வந்து வடக்கு ஓரத்துக் குச்சியைப் பிடுங்கி, ஒரு வரிசை மேலே கொண்டுபோய் ஊன்றினார். 2006 டிசம்பரில் தொடங்கி 2007 ஜனவரி வரை ஜொகூரை முழுக்கடித்த அந்த வெள்ளத்தின்போது ஓடை நீர் கீழிருந்து ஏழாவது வரிசை வரை ஏறி நின்றது, வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது என்றார். ஒன்பது மீட்டர் முக்கோண நடவில் வரிசைக்கு வரிசை 7.8 மீட்டர், என் குச்சி ஆறாவது வரிசையில் இருந்தது. அவர் ஊன்றிய இடத்தில் ஆகரை இறக்கினேன். அறுபது செ.மீ.-இல் சாம்பல் திட்டு வந்தது.

குச்சி அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதன் இருபுறமும் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் இரண்டை இறக்கியிருக்கிறோம். அடுத்த பருவமழை முடியும் வரை வெள்ளிக்கிழமைதோறும் மாமா நீர்மட்டத்தை அளந்து எழுதி வைப்பார். வாய்க்கால் எவ்வளவு ஆழம் என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்வேன்.